காற்றைச் சேமித்த கிராமம்

காற்றாலைப் பண்ணையோடு பேட்டரியைச் சேர்ப்பதும் வருமானத்தில் ஊருக்குப் பங்கு கொடுப்பதும் இந்தப் பத்தாண்டில் பிறந்த யோசனைகள் என்றே பரவலாக எண்ணுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழில் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் உள்ள அஸ்கோவ் என்ற சிற்றூர். அங்கே சேமிப்பும் ஊர்ப்பங்கும் பின்னால் ஒட்டவைத்தவை அல்ல, காற்றாலையோடு சேர்ந்தே வளர்ந்தவை. அவை எப்படிக் கழன்றுபோயின என்று தெரிந்தால்தான், பேட்டரி திரும்பி வரும் இந்த வேளையில் எதைக் கேட்க வேண்டும் என்பது பிடிபடும்.

அஸ்கோவின் கதை போல் லா கூர் (1846–1908) என்ற ஆசிரியரின் கதை. வானிலை ஆய்வும் தந்தித் தொழில்நுட்பமும் அறிந்த அவர், 1878இல் அவ்வூரின் மக்கள் உயர்பள்ளியில் பாடம் நடத்த வந்தார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. மின்விளக்கு நகரத்தோடு நின்றுவிட்டால் இளைஞர்களும் நகரத்துக்கே போய்விடுவார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. 1891இல் அரசுப் பணத்தில் முதல் காற்றாலையைக் கட்டினார். காற்று ஒரு நிமிடம் போல் மறு நிமிடம் வீசாது. டைனமோவோ சீரான வேகம் கேட்கும். கப்பிகளும் எடைக்கட்டியும் கொண்ட ஓர் எளிய கருவியால் அதைச் சமாளித்தார். அடுத்த சிக்கல் காற்றில்லாத நாள். அந்தக் காலத்துப் பேட்டரி விலை அதிகம் என்பதால், காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைத் தொட்டியில் நிரப்பினார். 1895 முதல் 1902 வரை பள்ளியின் விளக்குகள் அந்த வாயுவில் எரிந்தன. தொட்டியின் கொள்ளளவு வெறும் 12 கன மீட்டர். ஹைட்ரஜனில் சிறிதளவு ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிக்கும். சன்னல் கண்ணாடிகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்ற வேண்டியிருந்தது. அதன் பிறகு ஈய பேட்டரிகளை வைத்து ஊருக்கே மின்சாரம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இதை ஒரு விஞ்ஞானியின் தனிச் சாதனையாகச் சுருக்கிவிடக் கூடாது. 1903இல் கிராமங்களுக்குக் காற்று மின்சாரம் கொண்டுசெல்ல ஒரு சங்கம் உருவானது. மறு ஆண்டு முதல் கிராமத்து இளைஞர்கள் அஸ்கோவில் மின்பணி கற்றார்கள். டென்மார்க் விவசாயிகளுக்குக் கூட்டுறவு புதிதல்ல. முதல் கூட்டுறவுப் பால்பண்ணை 1882இலேயே வந்துவிட்டது. பாலுக்குப் பழகிய கணக்குமுறை மின்சாரத்துக்கும் பொருந்தியது. 1918 வாக்கில் ஏறக்குறைய 120 உள்ளூர் மின்நிலையங்களில் காற்றாலை சுழன்றது. ஒவ்வொன்றும் 20 முதல் 35 கிலோவாட், எல்லாம் சேர்ந்து சுமார் 3 மெகாவாட். பேட்டரி அறையும், காற்று ஓய்ந்தால் ஓட்ட ஓர் எஞ்சினும் இத்தகைய நிலையங்களின் வழக்கமான அங்கங்கள்.

அவையெல்லாம் பிறகு மறைந்துபோனது அந்த முறை தோற்றதற்கான சான்று என்று ஒருவர் வாதிடலாம். மறைந்தது உண்மை. தொலைதூரம் கடத்தத்தக்க மாறுதிசை மின்சாரமும் மலிவான நிலக்கரியும் எண்ணெயும் அவற்றை வென்றன. ஆனால் தோற்றது அன்றைய எந்திரம். ஊர் உடைமை அல்ல. அஸ்கோவில் படித்த யோஹான்னஸ் யூல் 1957இல் கெட்சரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். மூன்று இறக்கை கொண்ட அந்த வடிவத்தின் வழிவந்தவைதான் பிற்காலத்து டேனிஷ் காற்றாலைகள். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அவை பரவியபோது, சங்கமாகச் சேர்ந்து பங்கு வாங்கியவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களே. எந்திரம் பெரிதானால் கூட்டுறவு தாங்காது என்ற இன்னொரு மறுப்பும் உண்டு. கோபன்ஹேகன் கடலில் 2000இல் எழுந்த மிடல்குருண்டன் பண்ணையைப் பாருங்கள்: 20 காற்றாலைகள், 40 மெகாவாட், அதில் பாதி 8,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். உடைமை இப்படித் திரும்பியது, சேமிப்பு திரும்பவில்லை. டென்மார்க் காற்றின் ஏற்ற இறக்கத்தை நார்வேயின் நீர்த்தேக்கங்கள் ஈடுகட்டின. பேட்டரி இருந்த இடத்துக்கு மின்கட்டமைப்பு வந்துவிட்டது.

இந்த டேனிஷ் வரலாற்றின் ஒரு கிளை நம் மண்ணிலும் இறங்கியது. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986இல் மாதிரிப் பண்ணை வந்த பின், கயத்தாறிலும் முப்பந்தலிலும் டென்மார்க் அரசின் உதவியோடு காற்றாலைகள் எழுந்தன. எந்திரம் வந்தது, சங்கம் வரவில்லை. 1990களில் முதலீட்டை ஈர்த்தது தேய்மானத்துக்கான வருமான வரிச் சலுகை. வரி கட்டும் ஆலைகளுக்கு அது லாபம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றின் நடுவே மானாவாரிப் பயிர் செய்தவருக்கு அதனால் என்ன பயன்? சேமிப்பின் கதையும் அதுவே. மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் பருவக்காற்றின் யூனிட்டுகளை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்து, பிந்தைய மாதங்களில் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதிதான் இங்கே பேட்டரியாக இருந்தது. பொது மின்கட்டமைப்பு சுமந்த அந்தச் சேமிப்பின் பெரும்பயன் நூற்பாலைகளுக்குப் போனது. நூற்பாலைகள் வேலை கொடுத்தன, நலிந்த மின்வாரியத்துக்கு முதலீட்டுச் சுமையையும் குறைத்தன என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கான விலையில் ஒரு பகுதியை, இறக்கை சுழலும் ஊர் கணக்கில் ஏறாமலே கொடுத்தது என்பதுதான் என் வழக்கு.

வேறு வழி இருந்தது என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி சாட்சி. சேமிப்புப் பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில், 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கியது. காற்றாலை நின்றது ஊரில் அல்ல, காற்று நன்றாக அடிக்கும் உடுமலைப் பக்கம். ஆலைகள் பயன்படுத்திய அதே விதிகளை ஓர் ஊராட்சியும் பயன்படுத்தித் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்குமான மின்செலவை ஈடுகட்டியது. மிச்ச யூனிட்டுகள் மின்வாரியத்துக்கு விற்பனையாயின.

இன்று பழைய காற்றாலைகளைக் கழற்றிப் பெரியவை நிறுவும் பேச்சும் அவற்றோடு பேட்டரி சேர்க்கும் திட்டமும் ஒன்றாக நடக்கின்றன. பேட்டரியால் ஆடிக் காற்றைத் தை மாதத்துக்குக் கொண்டுபோக முடியாது. சில மணி நேரத்துக்கே தாங்கும். ஆனால் தேவை குறைந்த நேரத்து மின்சாரத்தை விலை உயரும் மாலைக்கு நகர்த்தும். அந்த விலை வித்தியாசம் புதிய வருமானம். யாருடையது என்று இன்னும் எந்தப் பழக்கமும் தீர்மானிக்கவில்லை. ஊருக்குப் பங்கு கொடுத்தால் மின்சாரம் விலை ஏறும் என்பார்கள். பங்கு என்பது செலவு அல்ல, முதலீட்டின் ஒரு பகுதி. டென்மார்க் 2009 முதல் பல ஆண்டுகள், புதிய காற்றாலையில் ஐந்தில் ஒரு பங்கை அருகில் வசிப்போருக்கு விற்க முன்வர வேண்டும் என்று சட்டமே வைத்திருந்தது. பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்துத் தருவது வேறு, பேட்டரியின் மாலைநேர விற்பனையில் ஊராட்சிக்குக் கணக்கு இருப்பது வேறு. இரண்டாவதை டெண்டர் விதியிலேயே எழுத வேண்டும், பண்ணை ஓடத் தொடங்கிய பிறகு அல்ல.