கரிம மின்னணுவியலின் முன்வரலாற்றில் கே.எஸ். கிருஷ்ணனின் படிக ஆய்வுகள்

முன்னுரை

சிறுமலை அடிவாரத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற காந்திகிராமக் கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று அங்கும் தமிழகத்தின் பிற பல்கலைக்கழகங்களிலும் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுகள் நிகழ்கின்றன. அவ்வாய்வுகளுக்குரிய களங்களுள் ஒன்று கரிம மின்னணுப் பொருட்கள். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் 1977இலிருந்தே சொல்லப்படுகிறது. அயோடின் கலந்த பாலிஅசெட்டிலீன் மின்சாரத்தை நன்கு கடத்துவதை ஷிராகாவா, மெக்டையார்மிட், ஹீகர் ஆகியோர் அவ்வாண்டில் வெளிப்படுத்தினர். 2000இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் பெற்றனர். ஆயினும் இத்துறையின் அடிப்படை வினாவொன்றை, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற இயற்பியலறிஞர் ஒருவர் 1930களிலேயே அளந்து ஆராய்ந்துள்ளார். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டாக்காவும் கல்கத்தாவும்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தார். கல்கத்தாவில் சி.வி. இராமனுடன் பணியாற்றி, 1928இல் இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் பங்குகொண்டார். அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற பின், படிகங்களின் காந்தப் பண்பினைத் தம் தனி ஆய்வுக்களமாகக் கொண்டார். குகா, பானர்ஜி ஆகியோருடன் அவர் எழுதிய முதல் விரிவான கட்டுரை 1933இல் இலண்டன் இராயல் கழக இதழில் வெளிவந்தது. கரிமப் படிகங்கள் குறித்த தொடர் ஆய்வு 1935இல் வெளியாயிற்று.

அளவீட்டு முறை

மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகமொன்று சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடப்படும். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாகத் திருகினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படிகம் திடீரெனப் புரண்டுவிடும். அக்கோணத்திலிருந்து, படிகத்தின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்பது கணக்கிடப்படும். எளிய கருவியே எனினும் நுட்பமான விடை தரவல்லது இது.

நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற மூலக்கூறுகளில், வளையத் தளத்திற்குச் செங்குத்தான திசையில் எதிர்க்காந்தப் பண்பு மிகுந்திருக்கும். வளையம் முழுதும் பரவிய எலக்ட்ரான்களே அதற்குக் காரணம். எனவே, படிகத்துள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காந்த அளவீட்டினாலேயே உய்த்துணர முடிந்தது. 1936இல் காத்லீன் லான்ஸ்டேலுடன் இணைந்தும் கிருஷ்ணன் இது பற்றி எழுதினார். பின்னர் கங்கூலியுடன் கிராஃபைட்டை ஆராய்ந்து, அதன் மின்கடத்துதிறன் அடுக்கின் வழியே மிக அதிகமாகவும் அடுக்கிற்குக் குறுக்கே மிகக் குறைவாகவும் இருப்பதைக் காட்டினார்.

தொடர்ச்சி

1954இல் அகமாட்சு, இனோகுச்சி, மட்சுனாகா ஆகியோர் பெரிலீன்–புரோமின் சேர்மத்தின் மின்கடத்தலை அறிவித்தனர். 1963இல் போப்பும் உடனாய்வாளரும் ஆந்த்ரசீன் படிகத்தில் உயர் மின்னழுத்தம் செலுத்தி ஒளி உமிழச் செய்தனர். 1987இல் டாங், வான் ஸ்லைக் இருவரும் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் கரிம ஒளி உமிழ் டையோடை உருவாக்கினர். மூலக்கூறுகளின் அடுக்கமைவு மின்னூட்டத்தின் இயக்கத்தை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பது இன்றும் இத்துறையின் மைய வினாவாகும்.

முடிவுரை

கிருஷ்ணன் கரிமச் சாதனம் எதனையும் உருவாக்கவில்லை. அவரை இத்துறையின் தந்தை என்பது மிகையாகும். எனினும், கரிமப் படிகத்தில் எலக்ட்ரானின் நடத்தை திசையைச் சார்ந்தது என்பதை எண்களால் நிறுவியவர்களுள் அவர் முன்னோடி. சாதனங்களின் வரலாற்றை 1977இல் தொடங்கலாம். வினாக்களின் வரலாற்றை அங்குத் தொடங்க இயலாது. தமிழக ஆய்வேடுகளின் முன்னாய்வுப் பகுதி டாக்கா, கல்கத்தா ஆய்வுகளையும் உள்ளடக்குவதே வரலாற்று நேர்மையாகும்.