லேபிளில் இல்லாத பெயர்கள்: கன்ட்ரி கேட்க நாலு பதிவுகள்

பழைய கன்ட்ரி, புளூகிராஸ் எல்லாம் எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்கிறவங்களுக்காக இன்னைக்கு நாலு பதிவுகள் சொல்றேன். கூடவே, அந்த லேபிளில் பெயர் இல்லாத ரெண்டு பேரைப் பத்தியும்.

கதை பிரிஸ்டலில் தொடங்குது. டென்னசி, வர்ஜீனியா மாநில எல்லை அந்த ஊரோட முக்கியமான தெரு நடுவிலேயே ஓடும். 1927 ஜூலை கடைசியில் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் அங்கே வந்து இறங்கினார். ரெண்டே வாரத்துக்குள்ள 19 குழுக்கள், 76 பாட்டு. கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதல்முதலாகப் பதிவானது அங்கேதான்.

பீருக்கு வருமானமே பாட்டுகளின் காப்புரிமையில்தான். அதனால் இதுவரை யார் பேரிலும் பதிவாகாத பாட்டுதான் அவருக்கு வேணும். அதைத் தேடி ஏ.பி. கார்ட்டர் மலை ஊர்களில் வீடு வீடாகப் போனார். பல பயணங்களில் கூடப் போனவர் லெஸ்லி ரிடில். கறுப்பின கிட்டாரிஸ்ட், விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் வரிகளை எழுதிப்பார். மெட்டை மனசில் பிடிச்சு வைக்கிறது ரிடில் வேலை. கடைசியில் பதிவானது ஏ.பி. கார்ட்டர் பேரில்.

முதல் பரிந்துரை, 1928-ல் பதிவான 'வைல்ட்வுட் ஃப்ளவர்'. மேபெல் கார்ட்டரின் கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டை வாசிக்க, மற்ற விரல் மேல்தந்திகளை வருடித் தாளம் போடும். ஒரே கிட்டார், ரெண்டு வேலை. ரெண்டாவது, 1930-ன் 'தி கேனன்பால்'. இது ரிடில் சொல்லிக்கொடுத்த பாட்டு. மூணாவது, ரிடிலே பாடி வாசிக்கும் 'ஸ்டெப் பை ஸ்டெப்' ஆல்பம். மைக் சீகர் 1965-லிருந்து அவரைத் தேடிப் போய்ப் பதிவு செய்தது; வெளிவந்தது 1993-ல்தான். ரெண்டாவதையும் மூணாவதையும் அடுத்தடுத்துக் கேளுங்க.

நாலாவது, பில் மன்ரோவின் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'. 1946 செப்டம்பர், சிகாகோ, கொலம்பியா கம்பெனி. மன்ரோவின் மாண்டலின், எர்ல் ஸ்க்ரக்ஸின் மூணு விரல் பாஞ்சோ, லெஸ்டர் ஃப்ளாட்டின் கிட்டார். புளூகிராஸ்னு இன்னைக்கு நாம சொல்ற சத்தம் முழுசா உருவானது இந்தக் குழுவில்தான். பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோட மரபில் வந்த வாத்தியம்.

மன்ரோ சின்னப் பையனா இருந்தப்போ, கென்டக்கியில் நடன விருந்துகளில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் ஃபிடில் வாசிக்க, இவர் கிட்டார் போட்டிருக்கார். ஷுல்ட்ஸும் கறுப்பினத்தவர். அவர்கிட்ட கத்துக்கிட்டதை மன்ரோவே பேட்டிகளில் சொல்லியிருக்கார். 1931-ல் ஷுல்ட்ஸ் இறந்துபோனார். அவர் வாசிச்ச ஒரு பதிவுகூடக் கிடையாது.

கம்பெனிகள் அப்போ இசையை ரெண்டு பெட்டியாகப் பிரிச்சு வித்தாங்க. வெள்ளையருக்கு 'ஹில்பில்லி', கறுப்பினத்தவருக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. நடன விருந்தில் ஃபிடில் வாசிக்கும் கறுப்பினக் கலைஞருக்கு இந்த ரெண்டிலுமே இடம் கிடைக்கிறது அபூர்வம். நூறு வருஷம் கழிச்சு நாம பதிவுகளை வெச்சுத்தான் வரலாறு எழுதறோம். பதிவாகாதவர் கணக்கிலேயே வர மாட்டார். கன்ட்ரின்னா வெள்ளையர் இசைன்னு நம்ம மனசில் பதிஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரிடிலையாவது கடைசியில் ஒருத்தர் தேடிப் போனார். அதனால் அவர் ஆல்பத்தை முதல்லயே கேட்டாலும் சரிதான். கேட்டுட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.