மேற்கோளில் வராத பெயர்

ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அவரது தகுதியை அளக்கிறார்கள். எண்ணுக்கு ஆண், பெண் தெரியாது என்று யாராவது சொல்லும்போது எனக்கு இடா நோடாக் நினைவுக்கு வருகிறார்.

ஜெர்மன் வேதியியலாளரான இடா, 1925இல் வால்டர் நோடாக், ஓட்டோ பெர்க் ஆகியோருடன் சேர்ந்து ரீனியம் என்ற 75ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்தவர். மறு ஆண்டு வால்டரை மணந்தார். அதன்பின் கணவரின் ஆய்வகத்தில் பெரும்பாலும் சம்பளமில்லாமலே உழைத்தார்.

1934இல் என்ரிகோ ஃபெர்மி, யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கியபோது 93ஆம் தனிமம் உருவானதாகக் கருதினார். அதே ஆண்டில் இடா மறுத்து எழுதினார்: யுரேனியத்திலிருந்து ஈயம் வரையுள்ள தனிமங்கள் இல்லை என்று காட்டினால் போதாது, மற்றவற்றையும் பார்க்க வேண்டும், கனமான அணுக்கரு சில பெரிய துண்டுகளாக உடைந்திருக்கவும் கூடும். அணுக்கருப் பிளவை அதற்குமுன் யாரும் அச்சில் சொன்னதில்லை. ஆனால் அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1938 டிசம்பரில் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் அதே சோதனையில் பேரியத்தைக் கண்டார்கள். 1939 ஜனவரியில் வெளிவந்த அவர்கள் கட்டுரையில் இடாவின் பெயர் இல்லை. யூத வம்சாவளியினர் என்பதால் ஜெர்மனியைவிட்டுத் தப்பியோடிய, ஹானின் நெடுநாள் சக ஆய்வாளர் லிசே மைட்னரின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இல்லை. தன் கட்டுரை ஏன் குறிப்பிடப்படவில்லை என்று இடா அதே இதழில் கேட்டு எழுதினார். ஹான் விளக்கம் தரவில்லை. 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போனது.

இடா தன் கருத்தைச் சோதனையால் நிறுவவில்லை என்பது உண்மை. 1925இல் ரீனியத்தோடு சேர்த்து அறிவித்த மசூரியம் உறுதிப்படாததால் அவர்கள்மேல் நம்பிக்கை குறைந்திருந்ததும் உண்மை. ஆனால் ஃபெர்மியின் 93ஆம் தனிமமும் தவறுதான். புதிய கதிரியக்கத் தனிமங்களைக் காட்டியதற்காகவும் சேர்த்தே 1938இல் அவருக்கு நோபல் தரப்பட்டது. ஒருவருடைய பிழை விருதுக்குத் தடையாகவில்லை. இன்னொருவருடைய பிழை, அவர் சரியாகச் சொன்னதையும் காதில் வாங்காதிருக்கக் காரணமானது.

மேற்கோள் எண்ணிக்கை, யார் பேச்சுக்குச் செவிசாய்த்தார்கள் என்பதன் கணக்கு. யார் என்ன சொன்னார்கள் என்பது அதில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள, 1934ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படிக்கத்தான் வேண்டும்.