சாக்லேட் மலர்கள்

சாக்லேட் மலர் என்பது கேக், புட்டிங், ஐஸ்கிரீம் போன்ற இனிப்புகளின் மேல் வைப்பதற்காகச் சாக்லேட்டில் செய்யப்படும் பூ. சர்க்கரைப் பசையில் செய்த பூக்களும் ஃபாண்டன்ட் பூக்களும் பார்வைக்கு இதை ஒத்தவைதான். ஆனால் அவற்றைப் பலரும் ரசித்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். சாக்லேட் பூவோ கடைசி இதழ்வரை தின்னப்படுகிறது. இதை வீட்டில் செய்ய அடுப்பு, இரண்டு கிண்ணம், சப்பாத்திக் கட்டை, பிளாஸ்டிக் தாள் இருந்தால் போதும். சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் வேலை பாதியாகக் குறையும். ஏனென்றால் இது விரல் வேலை என்பதைவிடப் பதம் பார்க்கும் வேலை.

சாக்லேட் வருகிற மரமே பூப்பதில் தனி ரகம். கோகோ மரம் நம் பலாவைப் போல அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் நேரடியாகப் பூக்கும். பூ மிகச் சிறியது, ஐந்து இதழ் கொண்டது. கொசுவினும் சிறிய பூச்சிகள் அதற்கு மகரந்தம் சுமக்கின்றன. பூக்கும் பூக்களில் காயாவது நூற்றுக்குச் சிலவே. 1753-இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பேரினப் பெயர் தியோபுரோமா. கிரேக்கத்தில் கடவுளரின் உணவு என்று பொருள்.

சாக்லேட்டைப் பூவாக்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சாக்லேட்டுக்குள் பூ இருந்தது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் கோகோவை நுரை பொங்கும் பானமாகப் பருகினர். அதில் உலர்ந்த பூக்களைச் சேர்த்து மணமூட்டுவது உயர்குடியினரின் வழக்கம். அவற்றுள் பெயர்பெற்றது ஷோச்சினகாஸ்ட்லி. நாவாட்ல் மொழியில் அதன் பொருள் ஏறத்தாழ ‘பூங்காது’. இதழ்கள் காதுமடல் போலத் தடித்து வளைந்திருக்கும். வனிலாவையும் அம்மொழி ‘கரும்பூ’ என்றே அழைத்தது. 16-ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தெ சாகூன் என்ற துறவி தொகுத்த ஃபுளோரன்டைன் சுவடியில் இப்பானங்களைப் பற்றிய விவரங்கள் உள்ளன.

பானமாக இருந்தவரை அதில் வடிவம் செய்ய வழியில்லை. 1828-இல் நெதர்லாந்தின் காஸ்பாரஸ் வான் ஹூட்டன், அரைத்த கோகோவை அழுத்தி அதன் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்படிப் பிரிந்த கோகோ வெண்ணெயைச் சர்க்கரையோடும் கோகோவோடும் மீண்டும் சேர்த்து, பிரிஸ்டல் நகரின் ஃப்ரை நிறுவனம் 1847-இல் கடித்துத் தின்னும் கட்டியை வார்த்தது. பால் சாக்லேட் 1875-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் டேனியல் பீட்டரின் கையில் பிறந்தது. பூ செய்பவர்கள் அதிகம் கடன்பட்டிருப்பது ரொடால்ஃப் லிண்ட்டுக்கு. 1879-இல் பெர்ன் நகரில் அவர் சாக்லேட்டை நெடுநேரம் உருட்டித் தேய்க்கும் கான்ச் இயந்திரத்தை உருவாக்கினார். அதுவரை நறநறவென்று இருந்த சாக்லேட், அதன் பிறகு பட்டாக ஓடியது. இதழ் மெலிவது அந்த ஓட்டத்தால்தான்.

இனி, பதம். சர்க்கரைப் பாகில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று இருப்பதுபோல் உறைந்த கோகோ வெண்ணெய்க்கும் பதங்கள் உண்டு. அவை ஆறு. 1966-இல் வில், லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் படிக வடிவங்களை உருகுநிலைப்படி வரிசைப்படுத்தினர். முதல் வடிவம் 17.3 டிகிரி செல்சியஸில் உருகும், இரண்டாவது 23.3, மூன்றாவது 25.5, நான்காவது 27.5, ஐந்தாவது 33.8, ஆறாவது 36.3. ஒரே கொழுப்புதான், மூலக்கூறுகள் அடுக்கப்படும் விதம் மட்டுமே வேறு. முதல் நான்கில் உறைந்த சாக்லேட் மங்கலாக, பிசுபிசுப்பாக இருக்கும்; தொட்டால் விரலில் ஒட்டும். ஆறாவது, நாள்பட இருப்பில் தானாக உருவாவது. பழைய சாக்லேட்டின் மேல் காணும் வெண்பூச்சுக்கு அதுவும் ஒரு காரணம். பளபளப்பும், ‘டக்’கென்று ஒடியும் தன்மையும், வாயில் இட்டதும் கரையும் குணமும் ஐந்தாவதில்தான் ஒருங்கே அமைகின்றன.

சாக்லேட்டை ஐந்தாம் வடிவத்துக்குக் கொண்டுவருவதே டெம்பரிங். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரிவரை உருக்கி எல்லாப் படிகங்களையும் அழித்துவிட வேண்டும். பிறகு கிளறிக்கொண்டே 27, 28-க்கு ஆறவிட்டு, மீண்டும் 31 அல்லது 32-க்கு ஏற்ற வேண்டும். பால் சாக்லேட்டுக்கு இறுதிச் சூடு 29 முதல் 30. வெள்ளைக்கு இன்னும் ஒரு டிகிரி குறைவு. வீட்டில் எளிய வழி விதைப்பு: மூன்றில் இரண்டு பங்கை உருக்கி, மீதியைத் துருவிச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுவது. துருவலில் உள்ள நல்ல படிகங்கள், பாலில் விட்ட உறைமோர் போல, மற்றதைத் தம் வழிக்கு இழுக்கும். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் கட்டிதட்டிப்போகும். ஆகவே கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது ஆவி உள்ளே புகாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

ஐந்தாம் வடிவம் 33.8-இல் உருகும் என்பதைச் சென்னையின் மே மாதப் பகலோடு ஒப்பிட்டால் நம் ஊர்ச் சிக்கல் விளங்கும். அதனால்தான் இங்குள்ள வீட்டு பேக்கர்கள் பெரும்பாலும் காம்பவுண்ட் சாக்லேட்டை நாடுகிறார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் பாம் கர்னல் போன்ற தாவரக் கொழுப்பு இருக்கும், டெம்பரிங் வேண்டியதில்லை. ஆனால் அது பெயரளவில்தான் சாக்லேட். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு விதி, சாக்லேட்டில் பிற தாவரக் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஏசி அறையும் அதிகாலை நேரமும் கிடைக்குமானால் நல்ல சாக்லேட்டிலேயே பூ செய்யலாம். காம்பவுண்டையும் நல்ல சாக்லேட்டையும் கலப்பது மட்டும் ஆகாது, கலவை இளகிப்போகும்.

முதன்முறை செய்பவர்களுக்கு ஏற்றது மாடலிங் சாக்லேட். இதற்கு டெம்பரிங் தேவையில்லை. 200 கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கி, கிட்டத்தட்ட அதே சூட்டில் உள்ள 80 கிராம் லிக்விட் குளுக்கோஸைச் சேர்த்து மென்மையாக மடித்துக் கலக்க வேண்டும். வெள்ளைச் சாக்லேட்டுக்கு 55, 60 கிராமே போதும். கலவை திரண்டதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் கிளறினால் கொழுப்பு பிரிந்து எண்ணெய் கசியும். பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஓர் இரவு வெளியிலேயே வைத்தால், மறுநாள் கல்லாக இறுகி, பிசையப் பிசையச் சப்பாத்தி மாவாக இளகும்.

ரோஜா செய்ய, முதலில் மொட்டாக ஒரு சிறு கூம்பு. பிறகு கோலிக்குண்டு அளவு உருண்டைகளைப் பிளாஸ்டிக் தாளின் இடையே வைத்து, ஒரு விளிம்பு மெலிய, எதிர் விளிம்பு தடிக்கக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். மெல்லிய விளிம்பு மேலே. மொட்டைச் சுற்றி மூன்று இதழ், அடுத்து ஐந்து, அதற்கு வெளியே ஏழு. ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் பாதி ஏறி நிற்கும். வெளி இதழ்களின் நுனியைச் சற்றே பின்னோக்கி மடக்கும்போதுதான் பூவுக்கு உயிர் வருகிறது. கை சூடேறி இதழ் துவண்டால், குளிர்ந்த நீரில் கையைக் கழுவி, ஈரமின்றித் துடைத்துவிட்டுத் தொடரலாம்.

டெம்பர் செய்த சாக்லேட்டில் இதழ்கள் இன்னும் மெல்லியவையாக வரும். கரண்டியின் முதுகைச் சாக்லேட்டில் தோய்த்து, பட்டர் பேப்பரில் அழுத்தி இழுத்தால் ஓர் இதழ். தாளோடு முட்டைத் தட்டின் குழிகளில் வைத்து உறையவிட்டால் வளைவும் கிடைக்கும். உருகிய சாக்லேட்டே இவற்றை ஒட்டும் பசை. இலைகளுக்கு அச்சே தேவையில்லை: கழுவித் துடைத்த, மருந்தடிக்காத ரோஜா இலையின் அடிப்புறத்தில் தூரிகையால் பூசி, உறைந்ததும் இலையை உரித்தெடுத்தால் நரம்புகள் அப்படியே பதிந்திருக்கும். அரளி போன்ற நச்சு இலைகளைத் தொடவே கூடாது.

இதழ் இதழாக ஒட்டாமல், சுரண்டியே பூ வடிவம் எடுப்பதும் உண்டு. பிரெஞ்சு பேஸ்ட்ரி கலைஞர் காஸ்தோன் லெனோத்ரின் புகழ்பெற்ற ‘இலையுதிர்கால இலை’ கேக்கின் மேல் இருப்பவை, தட்டில் பரப்பிய சாக்லேட்டைச் சுரண்டி எடுத்த சுருக்கங்கள். தூரத்தில் கார்னேஷன் கொத்துபோல் தெரியும். சுவிட்சர்லாந்தில் தெத் தெ முவான் என்ற பாலாடைக்கட்டியைப் பூவாகச் சுரண்ட 1980-களில் வந்த ஜிரோல் கருவியில், இப்போது வட்டச் சாக்லேட் கட்டிகளும் சுழல்கின்றன.

செய்த பூக்களைக் காற்றுப்புகாத டப்பாவில் 18 முதல் 20 டிகிரி சூட்டில் வைக்கலாம். பிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே நீர் கோத்து, சர்க்கரை கரைந்து வெளுத்துவிடும்.

இன்று சிலிகோன் அச்சுகள் எங்கும் கிடைக்கின்றன. லியோனில் 1989 முதல் நடக்கும் உலக பேஸ்ட்ரி கோப்பை போன்ற போட்டிகளில் ஆளுயரச் சாக்லேட் சிற்பங்களின் உச்சியிலும் பூக்கள் இடம்பெறுகின்றன.