பெயர் வகுத்த பிரிவு

மக்களைப் பிரிக்கும் பெயர்கள் தாமாகத் தோன்றுவதில்லை. அதிகாரம் அவற்றை ஆக்குகிறது, வழக்கம் அவற்றைக் காக்கிறது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு பிரிவுகளை வகுத்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ எவ்வினத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. தந்தை இலங்கையிற் பிறந்தவர், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என நிறுவும்படி கேட்டது. பிறப்புப் பதிவில்லாத லயத்து மக்கள் எதைக் காட்டுவர்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர்.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குத் தப்பிய மலையகத்தார் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் காடு வெட்டிக் குடியேறினர். அங்கே பேசும் மொழி ஒன்றே. ஆயினும் ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல் அவர்களைப் பின்தொடர்ந்தது. அது வெறும் ஏச்சன்று. அவர்களை அயலார் வயலிற் கூலிகளாகவே வைத்திருக்கவும், மணவுறவைத் தடுக்கவும் அச்சொல்லே நியாயமாயிற்று.

1964 முதல் இங்கு வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழியினருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. ஆனால் உறுதியில்லாக் காணியில் வாழும் மலையகக் குடும்பங்கள் வன்னியில் இன்றும் உள. கொழும்பு இயற்றிய அநீதியைக் கண்டிக்கும் நாம், அதனை நம் ஊர்வழக்கிற் பேணுதல் தகுமோ? சட்டத்தைப் பாராளுமன்றம் திருத்தியது. வழக்கத்தை நாமே திருத்தவேண்டும்.