காய்கறித் தோட்டத்தில் அகழெலி

அகழெலி, மண்ணுக்கடியில் வளை தோண்டி, மண்புழுக்களையும் பூச்சிகளின் புழுப்பருவத்தையும் தின்று வாழும் சிறு பாலூட்டி. இது கொறிக்கும் விலங்கு அன்று. மூஞ்சூறும் முள்ளெலியும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது. இதன் குடும்பமான டால்பிடேயைச் சேர்ந்த இனங்கள் ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் வாழ்கின்றன. தோட்டக்காரர்களின் பொறுமையைப் பெரிதும் சோதிப்பது ஐரோப்பிய அகழெலி (டால்ப்பா யூரோப்பியா). பிரிட்டன் முதல் ரஷ்யா வரை இது பரவியுள்ளது, அயர்லாந்தில் இல்லை. பிரிட்டனில் மட்டும் சுமார் 4 கோடி அகழெலிகள் இருக்கலாம் என 2018-இல் வெளியான பாலூட்டிகள் மதிப்பாய்வு கணித்தது.

உடலமைப்பும் வாழ்க்கையும்

உடல் நீளம் 11 முதல் 16 செ.மீ.; எடை ஏறக்குறைய 70 முதல் 130 கிராம். கறுத்த மென்மயிர் எந்தப் பக்கம் தடவினாலும் படியும் என்பதால், குறுகலான வளையில் முன்னும் பின்னும் தடையின்றி நகர முடிகிறது. கண்கள் கடுகளவே, புறச்செவி இல்லை. அகன்ற முன்கால்களில் ஐந்து விரல்களுடன், கட்டைவிரலை ஒட்டி ஓர் உபரி எலும்பும் இருப்பதால் உள்ளங்கை மண்வெட்டிபோல் விரிகிறது. வளைக்குள் உயிர்வளி குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும். அதற்கேற்ப இதன் குருதி தகவமைந்துள்ளது.

தன் எடையில் பாதியளவு இரையை அகழெலி நாள்தோறும் தின்னும். எஞ்சிய மண்புழுக்களின் தலைப்பகுதியைக் கடித்து, சாகாமலும் நகராமலும் செய்து, அறையொன்றில் சேமித்து வைக்கும். பெரும்பாலும் தனித்தே வாழும். தன் வளைக்குள் மற்றோர் அகழெலியை விடாது. இளவேனிலில் இனச்சேர்க்கை நடக்கும். ஏறக்குறைய நான்கு வாரச் சினைக்குப் பின் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு குட்டிகள் பிறக்கும். அவை கோடையில் தாயைப் பிரிந்து, தமக்கென இடம் தேடிப் புறப்படும்.

சேதமும் நன்மையும்

அகழெலி காய்கறியைத் தின்பதில்லை. எருவிட்டு, நீர் பாய்ச்சி, நன்கு கிளறிய பாத்தியில் மண்புழு பெருகும். அதைத் தேடியே அகழெலி வருகிறது. மண் வளமானால் அதன் வருகையும் கூடும். அது மேல்மண்ணை ஒட்டி வளை தோண்டும்போது விதைத்த வரிசை அப்படியே மேலெழும்பும். நாற்றின் அடியில் வெற்றிடம் உண்டாகி, வேர் மண்ணைப் பற்றாமல் தொங்கும். முந்தைய நாள் தழைத்து நின்ற கீரை நாற்று மறுநாள் வெயிலில் துவண்டுவிடுவது இதனால்தான். கேரட்டிலும் உருளைக்கிழங்கிலும் பல்தடம் தெரிந்தால், அந்த வளைகளைப் பயன்படுத்திக்கொண்ட எலியினங்களின் வேலையாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

மறுபுறம், கிழங்கைத் துளைக்கும் கம்பிப்புழு, புல்வேரைத் தின்னும் பூச்சிப்புழு முதலியவற்றை அகழெலி தின்று குறைக்கிறது. வளைகள் மண்ணுக்குக் காற்றோட்டமும் வடிகாலும் தருகின்றன.

அடையாளம் காணுதல்

வளை தோண்டும்போது மிஞ்சும் மண்ணைக் கீழிருந்து மேலே தள்ளுவதால், வட்டமான மண்மேடுகள் வரிசையாக எழும். மேட்டில் திறந்த துளை தெரியாது. எலி வளையாயின் துளை வெளிப்படையாக இருக்கும். இரண்டு மேடுகளுக்கு இடையே மெல்லிய கோலால் குத்திப் பார்த்தால், வளை உள்ள இடத்தில் கோல் சட்டென்று உள்ளே இறங்கும்.

தடுப்பு முறைகள்

நாற்றுப் பாத்தி சிறியதாயின் தடுப்பே நம்பகமான வழி. உயர்த்திக் கட்டிய பாத்தியின் அடியில், துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய சிறுகண் கம்பிவலையை இடைவெளியின்றிப் பரப்பி, அதன்மேல் மண் நிரப்ப வேண்டும். தோட்டம் முழுவதையும் சுற்றி ஆழமாக வலை புதைப்பது செலவுமிக்கது. ஓரிடத்தில் இடைவெளி விழுந்தாலும் பயனில்லை. மேலெழும்பிய நாற்றுகளை அன்றே அழுத்தி நட்டு நீர் ஊற்றினால் பெரும்பாலானவை பிழைக்கும். மேட்டு மண் பொலபொலவென்று இருக்கும். அள்ளித் தொட்டிக் கலவையில் சேர்க்கலாம்.

அகற்றுவதே வேண்டுமெனில், நாள்தோறும் பயன்படும் முக்கிய வளையில் பொறி வைப்பது வழக்கம். இடுக்கிப் பொறியும் அரைவட்டக் குழாய்ப் பொறியும் பிரிட்டனில் பழகியவை. பொறியைச் சுற்றி ஒளி புகாதவாறு மண்ணால் மூட வேண்டும். வளையில் மாற்றத்தை உணர்ந்தால், அகழெலி மண்ணைத் தள்ளிப் பொறியை அடைத்துவிட்டு வேறு வழி தோண்டும். உயிருடன் பிடிக்கும் பொறியை நாளில் பலமுறை பார்க்க வேண்டும். உணவின்றி அகழெலி நெடுநேரம் தாங்காது. ஓர் அகழெலி போனபின் காலியான வளையில் பக்கத்து அகழெலி குடியேறுவதும் உண்டு.

காற்றாடி, மண்ணில் புதைத்த போத்தல், ஒலி எழுப்பும் கருவி, பூண்டு, அந்துருண்டை ஆகியவை பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டாலும் நிலையான பலனுக்குச் சான்று குறைவு. ஆமணக்கெண்ணெய் கலந்த விரட்டிகள் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கின்றன. மண்புழுவைக் கொன்று அகழெலியைப் பட்டினி போடும் எண்ணம் தோட்டத்தின் வளத்தையே அழிக்கும்.

சட்ட நிலை

நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகிறது. பிரிட்டனில் அகழெலியைப் பொறிவைத்துப் பிடிக்கத் தடையில்லை. மண்புழுவில் கலந்து வைக்கப்பட்ட ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு அங்கு 2006-இல் தடை செய்யப்பட்டது. அலுமினியம் பாஸ்பைடு என்னும் நஞ்சைத் தகுதிச் சான்று பெற்றவர்களே பயன்படுத்தலாம். ஜெர்மனியில் அகழெலி சிறப்புப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. சொந்தத் தோட்டத்திலும் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2000-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பின் வழியே, உடலை இறுகப் பற்றும் பொறிகளின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் அகழெலிகள் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் வாழ்கின்றன, தென்னிந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் வளை தோண்டுபவை பெரும்பாலும் பெருச்சாளியும் வயல் எலியுமே. இவை கொறிக்கும் விலங்குகள். கிழங்கையும் தானியத்தையும் தின்பதால் இரை வைத்த கூண்டில் சிக்கும். தாவர உணவைத் தேடாத அகழெலிக்கு அந்தக் கூண்டு பயன்படாது. ஆகவே வளையைக் கண்டதும் மருந்தோ பொறியோ தேடுவதற்கு முன், தோண்டியது எந்த விலங்கு என்று உறுதிசெய்துகொள்வதே முதல் வேலை.