இல்லப் பராமரிப்பாளர்களுக்கு இணையவழிப் பயிற்சி: பெங்களூரு ஆய்வு கூறுவது என்ன?

பெங்களூரு: மறதிநோயால் பாதிக்கப்பட்ட தாயையோ, பக்கவாதத்தால் படுத்த படுக்கையான கணவரையோ வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கு அந்தப் பணியை எவரும் முறையாகக் கற்றுத் தருவதில்லை. நோயாளியைத் தனியே விட்டுவிட்டுப் பயிற்சி வகுப்புக்குச் செல்லவும் அவர்களால் இயலாது. இந்தக் குறையை இணையவழிப் பயிற்சி தீர்க்குமா என்பதை, பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் (நிம்ஹான்ஸ்) ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு சோதித்துப் பார்த்தது. அதன் முடிவுகள் நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் ஒருசேரத் தருகின்றன.

யார் இந்தப் பராமரிப்பாளர்கள்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 கோடி பேர், மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

இவர்களில் பெரும்பாலோரைக் கவனிப்பது மனைவி, மகள், மருமகள் போன்ற குடும்பத்துப் பெண்களே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஊதியம் பெற்றோ பெறாமலோ ஒரு மாற்றுத்திறனாளிக்கு உதவும் பெற்றோர், உறவினர் உள்ளிட்ட அனைவரையும் பராமரிப்பாளர் என வரையறுக்கிறது. மிகுந்த உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கும் திட்டங்களுக்கும் அச்சட்டம் வழிவகுக்கிறது.

பயிற்சியில் உள்ளவை

நிம்ஹான்ஸ் குழு சோதித்த ‘ஐசப்போர்ட்’ என்ற பயிற்சி, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. மறதிநோயாளிகளின் பராமரிப்பாளர்களுக்கான இந்தப் பயிற்சியில் 5 பிரிவுகளும் 23 பாடங்களும் உள்ளன. நோயைப் பற்றிய அறிமுகம், பராமரிப்பாளராக இருப்பது, பராமரிப்பாளர் தம்மையே பேணிக்கொள்வது, உணவு, குளியல் போன்ற அன்றாடப் பணிகள், நோயாளியின் நடத்தை மாற்றங்களைக் கையாள்வது ஆகியவையே அந்தப் பிரிவுகள். இவற்றில் 10 பாடங்கள் நடத்தை மாற்றங்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன.

ஒரே கேள்வியை நாள் முழுவதும் கேட்பது, இரவில் எழுந்து நடமாடுவது, பணத்தைத் திருடிவிட்டதாகப் பழி சுமத்துவது போன்றவை நோயின் விளைவுகளே. வேண்டுமென்றே செய்யப்படுபவை அல்ல. இதை உணராதபோது வீட்டில் சண்டையும், பின்னர் குற்ற உணர்வும் எழுகின்றன. பயிற்சியில் ஒரு குடும்பத்தின் சூழ்நிலை விவரிக்கப்பட்டு, தாம் என்ன செய்யலாம் எனப் பராமரிப்பாளர் தேர்வு செய்ய வேண்டும். அந்தத் தேர்வுக்கான விளக்கம் உடனே கிடைக்கும். தமக்குத் தேவையான பாடத்தை மட்டும், தமக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம்.

ஆய்வு முடிவுகள்

மூன்று மாதங்கள் நடைபெற்ற சோதனையின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. மொத்தம் 151 பராமரிப்பாளர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இணையவழிப் பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்கு நோயைப் பற்றிய மின்னூலும் வழங்கப்பட்டன. சோதனையின் இறுதிவரை நீடித்தவர்கள் 55 பேர் மட்டுமே.

பயிற்சி பெற்றவர்களிடம் நோயாளியைத் தனி மனிதராக மதித்து அணுகும் மனப்பாங்கு மேம்பட்டிருந்தது. ஆனால் மனச்சோர்வும் பராமரிப்புச் சுமையும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

இணையவழிப் பயிற்சி பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது. பாதிக்கும் மேற்பட்டோர் விலகிய ஒரு சிறிய சோதனையின் முடிவைக் கொண்டு இறுதித் தீர்ப்பு வழங்க முடியாது. அதே வேளையில், இணைய இணைப்பைக் கொடுத்துவிட்டாலே பராமரிப்பாளருக்கு உதவியாயிற்று என்று கருதுவதும் தவறு என்பதை அது தெளிவாக்குகிறது. பாடம் அறிவைத் தரும். இரவில் கண்விழிக்கும் ஒருவருக்கு உறக்கத்தையோ மாற்று ஆளையோ அது தராது.

மருத்துவமனையில் தொடங்கும் பயிற்சி

பெங்களூருவிலேயே உருவான மற்றொரு முறை, நேரடிப் பயிற்சியையும் கைபேசியையும் இணைக்கிறது. நாராயண ஹெல்த் மருத்துவமனையில் தன் பணியைத் தொடங்கிய நூரா ஹெல்த் அமைப்பு, நோயாளி வீடு திரும்பும் முன்பே உடனிருக்கும் உறவினர்களுக்குச் செவிலியர் மூலம் பராமரிப்பு முறைகளைக் கற்பிக்கிறது. வீடு திரும்பிய பின் வாட்ஸ்அப் வழியாக ஆலோசனை தொடர்கிறது. இத்திட்டம் பின்னர் பல மாநிலங்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவடைந்தது.

உடல் சார்ந்த சில பணிகளுக்கு நேரடிப் பயிற்சி இன்றியமையாதது. படுக்கையில் இருப்பவரைப் படுக்கைப்புண் வராமல் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவரை நிமிர்ந்து உட்கார வைத்தே உணவு ஊட்ட வேண்டும். உண்ட பின்னும் சுமார் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. இவற்றைக் காணொலி விளக்கிவிடும். ஆனால் ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் ஒருமுறையாவது செய்து பழகுவதே இருவருக்கும் பாதுகாப்பு.

கவனிக்க வேண்டியவை

இணையவழிப் பயிற்சியைத் தேர்வு செய்வோர் அதை நடத்துவது யார், தாய்மொழியில் கிடைக்கிறதா, ஐயங்களுக்கு விடையளிக்க ஆள் உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நோயாளியின் மருந்து அளவைப் பாடத்தைப் பார்த்து மாற்றக் கூடாது. பராமரிப்பாளர் பாடத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது குடும்பத்தில் வேறொருவர் பொறுப்பேற்பது அவசியம்.

தொடர் உறக்கமின்மை, அடக்க முடியாத கோபம், வாழ்வில் வெறுப்பு ஆகியவை பராமரிப்பாளருக்கே உதவி தேவை என்பதன் அறிகுறிகள். நிம்ஹான்ஸ் வழிகாட்டுதலில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொடர்பு கொள்ளலாம், தமிழிலும் பேசலாம். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567 என்ற தேசிய உதவி எண் உள்ளது.